தானே அணையும் அடுப்பு

நாளும் சோறாக்குவோர் அனைவரும் அறிந்த உண்மையொன்று உண்டு. அடுப்பை மூட்டுவது பெரிய காரியமன்று. உற்ற வேளையில் அதனைத் தணிப்பதே பெரிய காரியம். சற்று முந்தினால் அரிசி நடுவிலே வேகாது நிற்கும். சற்றுப் பிந்தினால் அடிப்பிடித்து வீடெங்கும் புகை மணக்கும். அந்தச் 'சற்று' எப்பொழுது வருகின்றது என்பதை மூடியின் அதிர்விலிருந்தும், கொதியின் ஓசையிலிருந்தும், ஆவியின் மணத்திலிருந்தும் அறிந்துகொள்ளுதல் பல தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த கல்வியாகும். ஏட்டில் எழுதப்படாத இக்கல்வியை உலோகத் துண்டொன்றுக்குக் கற்பித்த வரலாறே இங்கே கூறப்படுகின்றது.

இன்று வீடுகளிலே புழங்கும் சிறு மின்கருவிகளுட் பல வெப்பத்தைத் தருவன. நீர் கொதிக்க வைக்கும் கேத்தல், ஆடை மடிப்பு நீக்கும் மின்னழுத்தி, பாண் வாட்டும் கருவி, சோறாக்கும் கலம் ஆகியன உருவத்தால் வேறுபட்டாலும் உள்ளுறுப்பால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை ஒவ்வொன்றினுள்ளும் மின்னோட்டத்தால் சூடேறும் கம்பி ஒன்று உண்டு. போதும் என்ற நிலை வந்ததும் அவ்வோட்டத்தைத் துண்டிக்கும் ஆளி ஒன்றும் பெரும்பாலும் உண்டு. முன்னது தீ, பின்னது அத்தீயை ஆளும் அறிவு. தீ முதலிற் பிறந்தது. அறிவு பிறக்க நெடுங்காலம் சென்றது.

மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும் விதியைக் கணக்கிட்டுக் கூறியவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அண்மையில் வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல் என்பவர். மதுவடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த இவர், 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிலே, கம்பியில் எழும் வெப்பம் அக்கம்பியின் தடைக்கும், அதனூடே பாயும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமையும் என்று நிறுவினார். வீட்டுக் கருவிகளிற் காணும் புதுமையொன்று இவ்விதியால் விளங்கும். சுவரிலிருந்து கருவிக்குச் செல்லும் வடத்திலும், கருவியினுள்ளே கிடக்கும் சுருளிலும் பாய்வது ஒரே மின்னோட்டமே. ஆயினும் சுருள் பழுக்கின்றது; வடம் கைக்கு இதமாகவே இருக்கின்றது. 230 உவோல்ற்றில் இயங்கும் 600 உவாற்றுக் கருவியொன்றின் சுருளுக்கு ஏறக்குறைய 88 ஓம் தடை உண்டு. வடத்திலுள்ள செப்புக் கம்பியின் தடையோ ஓர் ஓமுக்கும் மிகக் குறைவு. தடை எங்கே மிகுதியோ வெப்பமும் அங்கே மிகுதி.

விதி தெரிந்துவிட்டபோதிலும் அதற்கேற்ற கம்பி கிடைக்கவில்லை. 1882ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி மின்னழுத்தி ஒன்றுக்கு உரிமை பெற்றார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மின்சாரக் கேத்தல்களும் கடைக்கு வந்தன. ஆனால் அக்காலத்துக் கருவிகள் நெடுநாள் உழைக்கவில்லை. இரும்புக் கம்பி செந்நிறமாகப் பழுத்ததும் வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செதிள் செதிளாக உதிர்ந்துவிடும். பிளாற்றினம் உதிராது; ஆனால் அதன் விலை ஏழை எளியவர் நெருங்கக் கூடியதன்று. இவ்விடரைத் தீர்த்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த அல்பேட் மார்ஷ் என்னும் உலோகவியலாளர். ஏறக்குறைய நான்கு பங்கு நிக்கலும் ஒரு பங்கு குரோமியமும் சேர்ந்த கலப்புலோகத்துக்கு அவர் 1906ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். நிக்குரோம் எனப்படும் இதன் தடை, செம்பின் தடையைப்போல் 60 மடங்குக்கும் மேற்பட்டது. இது சூடேறும்போது இதன் மேற்பரப்பிலே குரோமிய ஒட்சைட்டு மெல்லிய தோலாகப் படிகின்றது. அத்தோல் உதிராமல் ஒட்டிநின்று, உள்ளிருக்கும் உலோகத்தை மேலும் எரியவிடாது காக்கின்றது. இரும்பை அழித்த அதே ஒட்சிசன் இங்கே காவலனாகி விடுகின்றது. பாண் வாட்டும் கருவியினுள் செந்நிறமாய் ஒளிரும் கம்பி இதுவே.

நீரோடும் பாத்திரத்தோடும் நெருங்கும் கருவிகளில் இக்கம்பியைத் திறந்தபடி வைத்தல் உயிருக்கு இறுதியாகும். ஆதலின் அதனை உலோகக் குழாயொன்றினுள் இட்டு, சுற்றிலும் மகனீசியம் ஒட்சைட்டுத் தூளை நெருக்கமாக அடைத்தனர். இத்தூள் மின்னைக் கடத்தாது. வெப்பத்தை நன்கு கடத்தும். கேத்தலின் அடியிலே வளைந்து கிடக்கும் குழாயும், சோறாக்கும் கலத்தின் தகட்டினுள் புதைந்திருக்கும் குழாயும் இவ்வகையினவே.

தீ கிடைத்தது, இனி அதனை ஆளும் அறிவுக்கு வருவோம். இதன் விதை அடுக்களையில் முளைத்ததன்று. கடலிற் செல்லும் மணிக்கூட்டிலே முளைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் தம் நெடுங்கோட்டை அறியத் திருத்தமான மணிக்கூடு வேண்டியிருந்தது. தச்சராயிருந்து மணிக்கூட்டு வினைஞரான ஜோன் ஹரிசன், வெப்பத்தாலும் குளிராலும் மணிக்கூடு பிழைபடுவதைத் தடுக்கப் பித்தளைத் தகட்டையும் உருக்குத் தகட்டையும் ஒன்றாகத் தறைந்து பொருத்தினார். சூடேறும்போது பித்தளை கூடுதலாக நீளும்; உருக்குக் குறைவாக நீளும். இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதால் தகடு உருக்கின் பக்கமாக வளையும், ஆறியதும் நிமிரும். பிற்காலத்தில், 1896ஆம் ஆண்டில், சார்ள்ஸ் கியோம் என்பவர் வெப்பத்தால் மிகச் சிறிதளவே நீளும் இன்வார் என்னும் கலப்புலோகத்தைக் கண்டறிந்தார். இப்பணிக்காக 1920ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நன்கு நீளும் உலோகத்தோடு இன்வாரைச் சேர்த்தபோது ஈருலோகத் தகட்டின் வளைவு மேலும் கூர்மை பெற்றது. அத்தகட்டின் நுனியில் மின்தொடுகை ஒன்றை வைத்தால், குறித்த சூட்டில் தகடு வளைந்து மின்சுற்றைத் திறந்துவிடும். மின்னழுத்தி அளவுக்கு மேல் சூடேறாமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்வது இதனாலேயாம்.

ஆனால் சோறு, மின்னழுத்தியைப் போல் அடக்கத்தக்கதன்று. அதன் வரலாறு யப்பான் நாட்டிலே நிகழ்ந்தது.

யப்பானியர் இல்லங்களில் கமாடோ எனப்படும் மண்ணடுப்பிலே கனத்த பானையை ஏற்றிச் சோறாக்குவது பழைய வழக்கம். முதலிற் சிறுதீ, நடுவிற் பெருந்தீ, இறுதியில் தணிந்த தணல், இடையில் எது நேரினும் மூடியைத் திறவாமை என்பது அவர்கள் பாட்டிமார் வகுத்த முறை. விடியுமுன் எழுந்து, குளிரிலே விறகு மூட்டி, சோறு பதமாகும்வரை அடுப்பைவிட்டு அகலாதிருப்பது வீட்டுப் பெண்களின் கடனாயிருந்தது. அந்த உழைப்புக்குக் கூலியுமில்லை, ஓய்வுமில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலே, இடிபாடுகளுக்கிடையில் தோக்கியோவில் சிறு தொழிலகம் தொடங்கிய மசாரு இபுக்கா என்னும் பொறியியலாளர் மின்சாரத்தால் சோறாக்க முயன்றார். மரத்தொட்டியின் அடியிலே அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, ஈர அரிசியினூடாகவே மின்னோட்டத்தைச் செலுத்தினார். நீர் வற்ற வற்ற மின்னோட்டம் குறைந்து, சோறு வெந்ததும் தானே நின்றுவிடும் என்பது கருத்து. கருத்து அழகியதே. ஆனால் அரிசியின் வகையும் நீரின் அளவும் சற்று மாறினாலும் சோறு ஒருநாள் கூழாகும், மறுநாள் வேகாதிருக்கும். அக்கலம் விலைபோகவில்லை. அத்தொழிலகமே பின்னர் வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் சோனி என்னும் பெயர் பூண்டது. உலகப் புகழ் பெற்ற நிறுவனமொன்றின் தொடக்கமே சோற்றுப் பானையில் தோற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தோசிபா நிறுவனத்திலே வீட்டுக் கருவிகளின் விற்பனையில் ஈடுபட்டிருந்த ஷோகோ யமதா, சலவை இயந்திரத்தை ஊரூராகக் காட்டி வந்தபோது, இல்லத்தரசியரிடம் எந்த வேலை மிகவும் கடினமானது எனக் கேட்டறிந்தார். நாள்தோறும் சோறாக்குவதே என்ற விடை அவர் உள்ளத்திற் பதிந்தது. அவர் அவ்வேலையைச் சிறு தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளரான யோஷிததா மினாமியிடம் ஒப்படைத்தார். தோசிபாவுக்கு நீர் சூடாக்கும் கருவிகளைச் செய்து கொடுத்த மினாமி, தொழில் நலிந்து புதிய பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் பற்றி அவர் அறிவார். சோறு பற்றி அறியார். அதனை அறிந்தவர் அவருடைய மனைவி புமிக்கோ. ஆகவே ஆய்வுகூடம் வீட்டு அடுக்களைக்கு மாறியது. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் இல்லத்தை நடத்திக்கொண்டும், புமிக்கோ நாள்தோறும் பானை பானையாகச் சோறாக்கி, வெப்பமானியால் அளந்து, நேரத்தைக் குறித்து வைத்தார்.

அவருடைய குறிப்புகளிலிருந்து தெளிவான உண்மையொன்று வெளிப்பட்டது. பானை நன்கு கொதிக்கத் தொடங்கிய பின்னர் ஏறத்தாழ 20 நிமிடம் அக்கொதி நீடிக்குமாயின் அரிசியின் மாப்பொருள் முழுவதும் பதமாகிச் சோறு சுவையாக அமைகின்றது. அப்படியாயின் நேரங்காட்டும் ஆளியொன்றை வைத்து, குறித்த நிமிடத்தில் மின்னோட்டத்தை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அம்முயற்சி பலிக்கவில்லை. கோடையில் விரைவாகக் கொதிக்கும்; மாரியில் தாமதமாகக் கொதிக்கும். அரிசி கூடினால் ஒரு கணக்கு. குறைந்தால் வேறொரு கணக்கு. 20 நிமிடத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே மணிக்கூட்டுக்குத் தெரியவில்லை.

தீர்வு நீரிலிருந்தே வந்தது. அரிசியும் அதற்குரிய நீரும் உள்ள பானையை, சற்றுப் பெரிய மற்றொரு பானையினுள் இறக்கி வைத்தனர். வெளிப்பானையில் அளந்து ஒரு கோப்பை நீர் ஊற்றப்பட்டது. அடியிலுள்ள சுருள் முதலில் அந்நீரைக் கொதிப்பிக்கின்றது; அதன் ஆவி உட்பானையைச் சூழ்ந்து அரிசியை வேகவைக்கின்றது. அவ்வொரு கோப்பை நீர் ஆவியாகி முடிய ஏறத்தாழ 20 நிமிடம் செல்லும். நீர் இருக்கும் வரையில் வெளிப்பானையின் சூடு 100 பாகையைக் கடவாது. நீர் முற்றும் வற்றியதும் அச்சூடு விரைவாக ஏறும். உடனே அடியிலிருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். இங்கே நாழிகை காட்டியது மணிக்கூடன்று. ஒரு கோப்பை நீரே.

இதன் பௌதிகம் நுணுகி நோக்கத்தக்கது. ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க 70 கலோரி போதும். ஆனால் கொதிநிலையிலுள்ள அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். இத்துணை வெப்பத்தையும் நீர் தன்னுள் வாங்கிக்கொண்டு, தன் சூட்டைச் சிறிதும் உயர்த்தாது நிற்கின்றது. நீர் உள்ளவரையில் பானை தீயாது என்று நம் அன்னையர் அனுபவத்தால் அறிந்ததும் இதுவே. மலைநாட்டிலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். அங்கேயும் இக்கலம் ஏமாறாது. கொதிக்கும் சூடு எதுவாயினும், நீர் வற்றிய பின்னரே சூடு 100 பாகையைத் தாண்டும் என்பதால், தகடு அதற்காகக் காத்திருக்கும்.

இன்னும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. யப்பானின் வடக்கிலுள்ள ஒக்காய்டோ போன்ற கடுங்குளிர் நாடுகளிலே, கலத்தின் சுவர் வழியாக வெப்பம் கசிந்து கணக்கைக் குலைத்தது. ஆதலின் இரு பானைகளையும் சூழ மூன்றாவதாக ஒரு வெளிச்சுவர் அமைத்து, இடையில் வளியை நிறுத்தினர். அசையாத வளி நல்ல கம்பளிபோல வெப்பத்தைக் காக்கும். குளிரிலும் வெயிலிலும் கலத்தை வைத்து மீண்டும் மீண்டும் சோறாக்கிப் பார்த்தவர் புமிக்கோவே. அவருடைய உடல்நலம் குன்றியது. ஆய்வுச் செலவுக்காகக் குடும்பத்தின் வீடும் ஈடு வைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டு முயற்சியின் பின்னர், 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அக்கலம் தோசிபா நிறுவனத்தின் பெயரோடு கடைக்கு வந்தது.

வந்தவுடன் வரவேற்புக் கிடைத்துவிடவில்லை. பலமுறை ஏமாந்திருந்த வணிகர் ஐயுற்றனர். சோறு வேகும்போது படுத்துறங்கும் பெண்ணும் ஒரு குடும்பப் பெண்ணா என்று கேட்ட ஆடவரும் இருந்தனர். யமதா கலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஊர்களுக்குச் சென்று, மக்கள் முன்னிலையிலேயே சோறாக்கிக் காட்டினார். மூடியைத் திறந்தபோது வந்த மணம் எல்லா வாதங்களுக்கும் விடையாயிற்று. நேரங்காட்டும் ஆளியையும் இணைத்து, இரவிலே அரிசியை இட்டு வைத்தால் விடியலிற் சோறு காத்திருக்கும் என்ற நிலையும் உண்டானது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் யப்பானிய இல்லங்களுள் ஏறக்குறைய பாதியில் மின் சோற்றுக்கலம் இடம்பெற்றது. எண்ணிறந்த பெண்கள் விடியற்காலையில் மேலும் ஒருமணிநேரம் உறங்கினர். அவ்வுறக்கத்தை அவர்களுக்கு ஈட்டிக் கொடுத்த புமிக்கோ, 1959ஆம் ஆண்டில், தமது 45ஆம் வயதிற் காலமானார். கலத்தின் மீது பொறிக்கப்பட்டது நிறுவனத்தின் பெயர். அதனுள்ளே இருந்தது ஒரு தாயின் அறிவு.

அதே 1955ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியான இங்கிலாந்திலே, பில் ரசல், பீற்றர் ஹொப்ஸ் என்னும் இருவர் நீர் கொதித்ததும் தானே நிற்கும் கேத்தலை வெளியிட்டனர். கொதிநீரின் ஆவி சென்று ஈருலோகத் தகட்டைத் தாக்க, அது வளைந்து ஆளியைத் தட்டிவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் நயம் தோன்றும். தேநீர் அருந்தும் நாட்டினருக்கு நீர் கொதிக்கத் தொடங்கும் கணம் வேண்டும். சோறு உண்ணும் நாட்டினருக்கு நீர் வற்றி முடியும் கணம் வேண்டும். ஒன்று ஆவியின் வருகையை நோக்கிற்று. மற்றது நீரின் மறைவை நோக்கிற்று. கருவி ஒன்றே, கேட்ட கேள்வி அவரவர் அடுக்களைக்கு உரியது.

இரு பானை முறையிலே மின்சாரமும் நேரமும் சற்று மிகுதியாகச் செலவாயின. ஆகவே பின்வந்தோர் வெளிப்பானை நீரை நீக்கி, அரிசிப் பானையைச் சூட்டுத் தகட்டின்மீது நேரே வைத்தனர். இன்று நம் வீடுகளில் றைஸ் குக்கர் என வழங்கும் எளிய கலங்கள் பெரும்பாலும் இவ்வகையின. இவற்றிற் காவலாளியாய் நிற்பது ஒரு காந்தம். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஒரு சூட்டெல்லை உண்டு. அதனைத் தாண்டியதும் அது தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். 1895ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து விளக்கிய பியரி கியூரியின் பெயராலேயே அவ்வெல்லை வழங்குகின்றது. 1930ஆம் ஆண்டில் யோகோரோ கற்றோ, தாக்கேஷி தாக்கேய் என்னும் யப்பானியப் பேராசிரியர் இருவர் பெரைற்று என்னும் காந்தப் பொருளைக் கண்டறிந்தனர். இரும்பு ஒட்சைட்டோடு பிற ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சுடும் இப்பொருளின் கலவையை மாற்றி, அதன் எல்லையை வேண்டிய சூட்டில் நிறுத்தலாம். சோற்றுக்கலத்தில் அது 100 பாகைக்குச் சற்று மேலே வைக்கப்பட்டுள்ளது.

கலத்தின் நடுவில் வில்லின் மேல் நிற்கும் சிறு வட்டப் பொத்தானை எல்லோரும் கண்டிருப்பர். அதனுள்ளேதான் பெரைற்று இருக்கின்றது. ஆளியை அழுத்தும்போது கீழிருக்கும் நிலைக்காந்தம் உயர்ந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று மூடும். அரிசி நீரை உறிஞ்சி, எஞ்சியது ஆவியாகிப் போனதும் பானையின் அடி சூடேறும், பெரைற்று காந்தத்தன்மை இழக்கும், பற்று விடும், வில் காந்தத்தைக் கீழே தள்ளும். அப்பொழுது கேட்கும் 'டக்' என்ற ஒலியே சோறு வெந்ததற்கான அறிவிப்பு. சூடு காக்கும் வகைகளில் அதன்பின் சிறிய வெப்பம் மட்டும் தொடரும். 1988ஆம் ஆண்டில் மற்சுஷிற்றா நிறுவனம், மின்காந்தத் தூண்டலால் பானையின் உலோகத்திலேயே வெப்பத்தை எழுப்பும் கலத்தையும் வெளியிட்டது.

இவ்வியக்கத்தை அறிந்தோர் கலத்தைப் பேணும் முறையையும் அறிவர். பானையின் வெளி அடி ஈரமாயிருந்தாலோ, பொத்தானுக்கும் பானைக்கும் இடையில் ஒரு பருக்கை சிக்கினாலோ, காந்தம் பானையின் சூட்டைச் சரிவர உணராது, சோறு கெடும். பானையைத் துடைத்தே உள்ளே இறக்கல் வேண்டும். சுருள் பொருந்திய அடிக்கலத்தை நீரில் அமிழ்த்தல் ஆகாது. மூன்று முனைச் செருகியின் நிலத்தொடுப்புக் கம்பியை வீணென்று நீக்கலும் ஆகாது. உள்ளே பழுது நேர்ந்து உலோக உடலில் மின் பாயும்போது, அதனைக் கையின் வழியே செல்லவிடாது நிலத்துக்கு அனுப்புவது அக்கம்பியே.

கஞ்சி வடித்துச் சோறாக்குவது தமிழர் இல்லங்களிற் பழகிய முறை. அதில் நீர் மிகுதியாக வைக்கப்படும். பதம் பார்த்துக் கஞ்சியைப் பிரித்தல் மனிதர் கடமை. நீர் வற்றுவதையே அடையாளமாகக் கொண்ட இக்கலத்துக்கு வடித்தல் தெரியாது. ஆகையால் இதிற் சமைப்போர் அளந்து நீர் வைக்கவேண்டியதாயிற்று. புழுங்கல் அரிசிக்குச் சற்றுக் கூடுதலாகவும் பச்சரிசிக்குக் குறைவாகவும் நீர் வைக்கும் கணக்கை இன்றும் வீட்டிலுள்ளோரே தீர்மானிக்கின்றனர். இயந்திரம் எப்போது நிறுத்துவது என்பதை அறியும். எவ்வளவு வைப்பது, எவருக்காக வைப்பது என்பவற்றை அறியாது.

ஒரு ஜூல் விதி கண்டார். ஒரு மார்ஷ் கம்பி தந்தார். ஒரு ஹரிசன் வளையும் தகட்டைத் தந்தார். இவை யாவும் புத்தகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தும் சோறு வேகவில்லை. அடுப்பங்கரையில் நின்றவர் ஒருவரை அறிஞர் கேட்கத் தொடங்கிய பின்னரே அது வெந்தது. அடுத்தமுறை அடுக்களையிலிருந்து அந்த 'டக்' என்னும் ஒலி எழும்போது, விடியுமுன் எழுந்து தணலைக் காத்த எண்ணற்ற தாய்மாரையும், அவர்கள் கண்விழிப்பை முடிவுக்குக் கொண்டுவரத் தன் கண்விழிப்பை ஈந்த ஒருத்தியையும் ஒருகணம் எண்ணிக்கொள்ளுதல் தகும்.